ஓராண்டு வாசிப்பின் வரவு செலவு



ஆண்டு முடியப் போகிறது என்றால் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார். சரக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கடைசியில் கையில் நிற்பது என்ன என்று பார்க்கிறார். புத்தகம் படிப்போருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. டிசம்பர் பிறந்ததும் இந்த ஆண்டு நாற்பது நூல், அறுபது நூல் என்று பட்டியல் போடுவார்கள். நாவல் இத்தனை, கவிதை இத்தனை, சமய நூல் இத்தனை என்று பிரித்தும் காட்டுவார்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் கடைக்காரர் இத்தனை மூட்டை வந்து இறங்கியது என்று எழுதிவிட்டுக் கணக்கை மூடுவதில்லை. கையில் நின்றது என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. வாசிப்பில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைவு.

அதைக் கேட்ட ஒருவரைப் பற்றியே இன்றைய பேச்சு. அவர் பெரிய படிப்பாளி அல்லர். அந்தக் காலத்தில் அவருக்குப் படிக்கக் கிடைத்தவை இரண்டே இரண்டு நூல்கள். ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த அந்த வீரரின் பெயர் இனிகோ. பின்னாளில் இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் அவர்தாம்.

1521ஆம் ஆண்டு மே மாதம் பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. எதிர்த்து நிற்பதில் பயனில்லை, சரணடைந்துவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கூடவே கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் இனிகோ. பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய காலை முறித்தது. மற்றக் காலிலும் காயம். பகைவர்களான பிரெஞ்சுக்காரர்களே சிகிச்சை கொடுத்து, லொயோலாவில் இருந்த அவருடைய குடும்ப வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று அங்கே அதை மறுபடியும் உடைத்துச் சேர்த்தார்கள். ஜூன் மாத இறுதியில் இறுதி அருட்சாதனங்கள் கொடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றிப் பின் தேறினார். தேறிய பிறகு பார்த்தால், முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதனோடு, அக்காலத்துப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான உயர்ந்த காலணியைப் போட முடியாது. அதை அறுத்து எடுங்கள் என்றார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. 30 வயது மனிதர் தோற்றத்துக்காக அந்த வேதனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மனம் அப்போது எதில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரக்கதைகள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். குதிரை ஏறிச் செல்லும் வீரன், அரக்கர்களோடு சண்டை, கைக்கு எட்டாத ஒரு சீமாட்டி மீது காதல் என்று போகும் கதைகள் அவை. 1508இல் சாரகோசா நகரில் அச்சான 'அமாடிஸ் தே கவுலா' அவற்றில் பெயர் பெற்றது. நம் பாட்டனார் காலத்தில் விக்கிரமாதித்தன் கதையை விளக்கு வைத்துப் படித்தவர்களுக்கு அந்த ருசி விளங்கும். ஆனால் லொயோலா வீட்டில் அப்படி ஒரு நூல்கூட இல்லை. இருந்தவை இரண்டு. ஒன்று, சாக்சனி நாட்டு லுடால்ஃப் என்ற துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை. ஸ்பானிய மொழிபெயர்ப்பில் நான்கு பாகம். மற்றது, 'ஃப்ளோஸ் சாங்டோரும்' என்று வழங்கிய புனிதர்களின் வரலாறு. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தே வொராஜினே தொகுத்த கதைகளின் ஸ்பானிய வடிவம் அது. வீட்டுக்கு வாழ வந்த அண்ணியார் மக்தலேனாவின் நூல்கள் இவை என்பர். மைத்துனர் கேட்டது ஒன்று, அண்ணியார் வைத்திருந்தது வேறொன்று.

வேறு வழியில்லாமல் படிக்கத் தொடங்கினார். படித்துவிட்டு நூலை மூடுவார். மூடியதும் மனம் அலையும். சில நேரம், தாம் தொண்டு செய்ய விரும்பிய ஒரு பெருமாட்டியை நினைப்பார். அவளிடம் என்ன பேசுவது, அவளுக்காக என்ன வீரச்செயல் செய்வது என்று இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் போவது தெரியாது. வேறு சில நேரம், படித்த புனிதர்கள் வந்து நிற்பார்கள். பிரான்சிஸ் செய்ததை நான் செய்தால் என்ன, தொமினிக் செய்ததை நான் செய்தால் என்ன என்று தோன்றும். வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்து போவதாகவும், கீரையைத் தின்று வாழ்வதாகவும் நினைத்துக்கொள்வார்.

இங்கேதான் அந்தக் கணக்கு வருகிறது. இரண்டு கனவுகளும் இருக்கும்போது இன்பமாகவே இருந்தன. வேறுபாடு பிறகு தெரிந்தது. பெருமாட்டியைப் பற்றிய நினைவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் பற்றிய நினைவு கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. பல நாள் இப்படியே நடந்தும் அவர் கவனிக்கவில்லை. ஒருநாள் கவனித்தார்; வியந்தார். படிக்கும் நேரத்தில் கிடைக்கும் சுவையை அவர் வரவாக வைக்கவில்லை. மூடிய பின் என்ன நிற்கிறது என்பதையே வரவாக வைத்தார். இவை எல்லாம் ஊகம் அல்ல. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1553க்கும் 1555க்கும் இடையில், ரோமாபுரியில் கொன்சால்வெஸ் தா காமரா என்ற போர்த்துகீசியக் குருவிடம் அவரே சொல்லி எழுத வைத்த செய்திகள். அதிலும் அவர் 'நான்' என்று சொல்லவில்லை. யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார்.

எழுந்து நடமாடும் அளவுக்கு உடல் தேறியதும் ஒரு குறிப்பேடு தொடங்கினார். படித்ததில் தேவையான பகுதிகளைப் பார்த்து எழுதினார். கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையிலும், மாதாவின் சொற்களை நீல மையிலும் எழுதினார். மெருகிட்ட தாள், இட்ட கோடு, அழகான கையெழுத்து. ஏறக்குறைய 300 தாள் நிறைந்தது. ஓராண்டில் அறுபது நூல் படிப்பவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். இரண்டு நூலை 300 தாளில் கையால் எழுதியவர் எத்தனை முறை படித்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் அந்த எண்ணம் மாறும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். பார்த்தீர்களா, கதைப் புத்தகம் கெடுத்தது, சமய நூல் திருத்தியது என்பார்கள். கோயில் மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நடந்ததோ அப்படி நேராக இல்லை.

1522இன் தொடக்கத்தில் இனிகோ வீட்டை விட்டுக் கிளம்பினார். கோவேறு கழுதையில் ஏறி மொன்செராட் மலைக்குப் போகும் வழியில் மூர் இனத்து இஸ்லாமியர் ஒருவர் கூட வந்தார். பேச்சு மாதாவின் கன்னிமையைப் பற்றித் திரும்பியது. அந்த மனிதர் தமக்கு ஏற்ற வரையிலும் ஒப்புக்கொண்டு, மீதியை ஒப்பவில்லை. பிறகு முந்திச் சென்றுவிட்டார். இனிகோவுக்குக் கோபம் பொங்கியது. மாதாவின் பெருமையைக் காக்கத் தவறிவிட்டோமே, துரத்திப் போய்க் கத்தியால் குத்தலாமா என்று யோசித்தார். முடிவு செய்ய முடியவில்லை. சாலை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அந்த மனிதர் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்துவது, நேர்சாலையில் போனால் விட்டுவிடுவது. ஊர் முப்பது நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தது. அதற்குப் போகும் வழியும் அகலமானது. கழுதை நேர்சாலையில் போனது.

எண்ணிப் பாருங்கள். பல மாதம் கிறிஸ்துவின் வாழ்க்கையைப் படித்து, அவர் சொற்களைச் சிவப்பு மையில் எழுதிய மனிதர் இவர். அந்தக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டு போகிறார். அப்படியிருந்தும் ஒரு மனிதனைக் கொல்வதா வேண்டாமா என்பதை ஒரு விலங்கிடம் விட்டார். சமய நூலையும் அவர் வீரக்கதையாகவே படித்திருக்கிறார். சீமாட்டிக்குப் பதில் மாதா வந்திருக்கிறார், அவ்வளவுதான். நல்ல நூல் படித்தால் போதும், மனிதன் தானே திருந்திவிடுவான் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அவர் இதை மறைக்காமல் சொல்லி எழுத வைத்தார் என்பதுதான் பெரிது. தம் வாசிப்பின் செலவுப் பக்கத்தையும் அவர் காட்டினார்.

வீரக்கதைகளுக்கும் ஒரு வரவு உண்டு. 1522 மார்ச் 24ஆம் நாள் இரவு மொன்செராட் ஆலயத்தில் மாதா பீடத்தின் முன் விடியும்வரை விழித்திருந்து, வாளையும் கத்தியையும் அங்கேயே விட்டுவிட்டார். புதிதாக வீரப்பட்டம் பெறுவோர் ஆயுதங்களோடு கண்விழிக்கும் சடங்கு அது. அமாடிஸ் முதலிய கதைகளில் படித்தது மனத்தில் நிறைந்திருந்ததால்தான் அப்படிச் செய்யத் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆயுதத்தைத் துறக்க வழி காட்டியது ஆயுதக் கதை. இலக்கியத்துக்கு ஓர் ஏடு, சமயத்துக்கு ஓர் ஏடு என்று தனித்தனிக் கணக்கு எழுதியிருந்தால் இந்த வரவை எந்தப் பக்கம் எழுதுவது?

பிறகு மன்ரேசா ஊரில் ஏறக்குறைய ஓராண்டு தங்கினார். அங்கேதான் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' அவர் கைக்குக் கிடைத்தது. கடைசிவரை விடாத நூலும் அதுதான். அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகளே 1548இல் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற சிறு நூலாக அச்சாயின. மிகுதியாக அறிவதைவிட உள்ளுக்குள் சுவைத்து உணர்வதே நிறைவு தரும் என்பதை அதன் தொடக்கத்திலேயே வைத்தார். அந்த நூலில் ஒரு படமும் உண்டு. வாரத்தின் ஏழு நாளுக்கும் கோடுகள். முதல் நாள் கோடு நீளம், போகப் போகக் குறுகும். திருத்திக்கொள்ள நினைக்கும் குறை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் விழும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. நண்பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. இன்றோடு நேற்றையும், இந்த வாரத்தோடு போன வாரத்தையும் ஒப்பிட வேண்டும். மளிகைக் கடையின் நாட்குறிப்பு போலவே இருக்கும். கழுதையிடம் தீர்ப்பு கேட்டவர் பின்னாளில் கண்டுபிடித்த கருவி அது.

இலக்கியமும் நம்பிக்கையும் ஒரே மனத்தில் கலந்து ஓடியதற்கு இன்னொரு ஸ்பானியர் சான்று. அவிலா நகரத்துப் புனித தெரேசா 1515இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது புனிதர்களின் கதையைப் படித்துவிட்டு, மூர்களின் நாட்டுக்குப் போய் வேதசாட்சியாகத் தலை கொடுப்போம் என்று அண்ணனை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்; உறவினர் ஒருவர் வழியில் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். சற்று வளர்ந்ததும் தாயாரோடு சேர்ந்து வீரக்கதைகளில் மூழ்கினார். தந்தைக்கு அது பிடிக்காது. அவருக்குத் தெரியாமல் படித்தார்கள். பிற்காலத்தில் தெரேசா அந்தக் கதைகளைக் குறை சொல்லித்தான் எழுதினார். ஆனாலும் அவருடைய உரைநடையில் கதை சொல்லும் கை தெரிகிறது. அவர் குறை சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

அவருடைய வாழ்க்கையில் 1559 ஒரு கடினமான ஆண்டு. சமய விசாரணைத் தலைவர் பெர்னாண்டோ தே வால்தெஸ் தடை நூல் பட்டியலை வெளியிட்டார். ஸ்பானிய மொழியில் இருந்த பக்தி நூல்கள் பல அதில் அடங்கின. இலத்தீன் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம். தெரேசாவுக்கு இலத்தீன் தெரியாது. ஆண்டுக்கணக்கில் கையில் நூல் இல்லாமல் செபத்துக்கு உட்காரத் துணியாதவர் அவர். அலமாரி திடீரென்று காலியானபோது, படித்ததில் என்ன மிஞ்சியது என்பதை அவர் விரும்பியோ விரும்பாமலோ கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதினார். 1970இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. பெண்களில் அந்தப் பட்டம் முதலில் கிடைத்தது அவருக்கே.

1921ஆம் ஆண்டு கோடையில், ஜெர்மனியில் பெர்க்சாபெர்ன் ஊரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்த யூதப் பெண் தத்துவ அறிஞர் எடித் ஸ்டைன் அந்த நூலை எடுத்தார். ஒரே இரவில் படித்து முடித்தார் என்று சொல்லுவார்கள். 1922 ஜனவரி 1ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். அந்த ஓர் இரவுக் கதை எல்லாருக்கும் பிடிக்கும். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் படித்ததும் கேட்டதும் விவாதித்ததும் கதைக்குள் வருவதில்லை. சில நூல்களின் வரவு அந்த ஆண்டுக் கணக்கில் ஏறாது; பல ஆண்டு கழித்து வேறொரு நூலின் பெயரில் வந்து ஏறும்.

காலத்தால் இன்னும் நெருங்கி வந்தால், அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர். ஐயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலை படித்த 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஒரு செப நாட்குறிப்பு எழுதினார். 2013இல் அது நூலாக வந்தது. அறிவுத்துறைப் படிப்பு தம் நம்பிக்கையை அரித்துவிடுமோ என்ற அச்சமும், நல்ல கதை எழுத வேண்டும் என்ற ஆசையும் அதில் மாறி மாறி வருகின்றன. பிறகு லூபஸ் என்ற நோயோடு ஜார்ஜியா மாநிலத்துப் பண்ணை வீட்டில் வாழ்ந்த காலத்தில், தூங்கப் போகுமுன் இருபது நிமிடம் புனித தாமஸ் அக்குவினாஸின் பெருநூலைப் படிப்பது அவர் வழக்கம். பகலில் எழுதியவையோ கொலையும் கோணலும் நிறைந்த கதைகள். மறைமாவட்டச் செய்தித்தாள்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுக்கு மதிப்புரை எழுதினார். பக்தியின் பெயரில் வரும் மலிவான கதைகளை அவர் விட்டுவைக்கவில்லை. சமய நூல் என்பதற்காகவே ஒன்றை வரவில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. 1964இல் 39 வயதில் இறந்தார்.

அன்பர்களே, லொயோலா வீட்டுப் படுக்கையில் தொடங்கிய இந்தக் கணக்குக்குத் தமிழோடும் ஒரு தொடர்பு உண்டு. இனிகோ தம் 33ஆவது வயதில் பார்சலோனாவில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து இலத்தீன் கற்றார். பிறகு பாரிஸ் பல்கலைக்கழகம். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கிய பிரான்சிஸ் சேவியர்தாம் 1542இல் கோவாவில் வந்து இறங்கி, முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் சென்ற புனித சவேரியார். தமிழ் தெரியாத அவர், இருமொழி தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் புகழ் பெற்றது. பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பித்தனைப் போல் கத்த வேண்டும் என்று அடிக்கடி தோன்றுவதாக அதில் எழுதினார். இவ்வளவு படித்தீர்களே, இறைவன் தந்த அந்தக் கல்விக்கு அவரிடம் என்ன கணக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று அங்குள்ள கல்விமான்களைக் கேட்க விரும்பினார். அறைத்தோழர் கற்றுக்கொடுத்த கேள்வி தமிழ்க் கடற்கரையிலிருந்து பாரிசுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு, 1545இல், அவர் மலாக்காவுக்கு வந்துவிட்டார்.

அவருக்குப் பின் அதே கடற்கரையில் உழைத்தவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். தமிழை முறையாகக் கற்று, இலக்கணமும் எழுதியவர். 1578 அக்டோபரில் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. அச்சுப் பணிக்குப் பரதவ மக்கள் பொருள் கொடுத்தார்கள். 1586இல் அவர் வெளியிட்ட பெரிய நூலின் பெயர் 'ஃப்ளோஸ் சாங்டோரும்'. தமிழில் அடியார் வரலாறு என்பார்கள். இனிகோ வேண்டாவெறுப்பாகக் கையில் எடுத்த நூலின் அதே பெயர், அதே வகை. 65 ஆண்டுகளில் அது ஸ்பெயினின் ஒரு மாடி அறையிலிருந்து தமிழ் அச்சுக்கு வந்துவிட்டது. தமிழில் நாவல் தோன்ற இன்னும் இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. முத்துக் குளிப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரான்சிசும் தொமினிக்கும் தமிழ் உரைநடையில் நடந்து வந்தார்கள்.

பிறகு அந்த நூல் தமிழர் கண்ணிலிருந்து மறைந்தது. ஒரு படி வாத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. ஐரோப்பிய நூலகங்களில் தமிழின் முதல் அச்சு நூல்களைத் தேடிப் போய் உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். கத்தோலிக்கக் குருவான அவர் ஐரோப்பிய இலக்கியத்தில் தோய்ந்த பிறகே, வளர்ந்த வயதில், வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழ் இலக்கியத்தை ஆழ்ந்து படிக்கத் தொடங்கினார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது அவருடைய முயற்சியால். அடுத்த ஆண்டே, 1967இல், இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பில் 'அடியார் வரலாறு' தூத்துக்குடியில் மறுபடி அச்சேறியது.

சிவப்பு மையும் நீல மையும் கொண்டு இனிகோ எழுதிய அந்த 300 தாள் குறிப்பேடு எங்கே போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. அவர் படித்த புனிதர்களின் வரலாறு தமிழில் இருக்கிறது. நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.